கத்தரிக்கோல் கலை வளர்த்ததா?

1930களின் நடுப்பகுதி முதல் 1950கள் வரை வெளிவந்த ஹாலிவுட் படங்களைத் திரும்பப் பார்ப்பவர்களிடையே ஒரு கருத்து ஏறத்தாழ மரபாகவே வேரூன்றிவிட்டது. அக்காலத்தின் கண்டிப்பான தணிக்கையே அப்படங்களின் நுட்பத்துக்குக் காரணம் என்பது அக்கருத்து. படுக்கையறையைக் காட்ட முடியாத இயக்குநர் மூடிய கதவைக் காட்டினார், வெளிப்படையாகப் பேச முடியாத எழுத்தாளர் இரு பொருள் தரும் உரையாடலை எழுதினார், எஞ்சியதைப் பார்வையாளரின் கற்பனை நிரப்பிக்கொண்டது. 1968இல் விதிகள் நீங்கியபோது நயமும் அவற்றோடு நீங்கிவிட்டது என்று அது வாதிடுகிறது. இதைச் சொல்வோர் பழமை விரும்பிகள் மட்டும் அல்லர். தணிக்கையைக் கொள்கை அளவில் எதிர்ப்பவர்களும்கூட, இந்த ஒரு விஷயத்தில் அதற்கு நன்றி சொல்லத் தயங்குவதில்லை. அவர்கள் காட்டும் சான்றுகளும் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944) படத்தில் பார்பரா ஸ்டான்விக்கின் கணுக்காலில் கிடக்கும் மெல்லிய சங்கிலி, பிற்காலத்துப் படங்கள் பலவற்றின் நிர்வாணக் காட்சிகளைவிட அதிகம் உணர்த்துகிறது என்பது உண்மையே. யாப்பின் கட்டு கவிஞனின் கைத்திறனைத் தீட்டுவதுபோல் தணிக்கையின் கட்டு கலைஞனைத் தீட்டியது என்ற ஒப்புமையும் கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது. ஆயினும் இக்கருத்து வரலாற்றுக்கும் தர்க்கத்துக்கும் பொருந்தாதது.

விதிகள் எவை என்பது முதலில் தெளிவாக வேண்டும். திரைப்படம் ஒரு வணிகம் மட்டுமே, பேச்சுரிமையின் பாதுகாப்பு அதற்கு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915இல் தீர்ப்பளித்திருந்தது. 1952 வரை அந்நிலை மாறவில்லை. ஆகவே மாநில வாரியங்களும் நகரத் தணிக்கையாளர்களும் தத்தம் விருப்பப்படி படங்களை வெட்டினர். அவர்களை முந்திக்கொள்ளும் பொருட்டு, ஸ்டூடியோக்களின் சங்கம் 1930 மார்ச்சில் ஒரு தயாரிப்பு விதித்தொகுப்பை ஏற்றது. டேனியல் லார்ட் என்ற இயேசு சபைப் பாதிரியாரும் மார்ட்டின் குவிக்லி என்ற திரைத்தொழில் இதழ் அதிபரும் வகுத்த அத்தொகுப்பு, சங்கத் தலைவர் வில் ஹேஸின் பெயரால் ஹேஸ் விதிகள் எனப்பட்டது. நான்கு ஆண்டுகள் பெரும்பாலும் ஏட்டளவிலேயே கிடந்த அதற்கு, ‘லீஜன் ஆஃப் டீசன்சி’ என்ற கத்தோலிக்க ஒழுக்க அமைப்பு புறக்கணிப்பு மிரட்டல் விடுத்தபின், 1934 ஜூலையில்தான் பல் முளைத்தது. அன்றுமுதல் ஜோசப் பிரீன் தலைமையிலான அலுவலகம் ஒவ்வொரு திரைக்கதையையும் படப்பிடிப்புக்கு முன்பும், முடிந்த படத்தை வெளியீட்டுக்கு முன்பும் பார்த்து முத்திரை அளித்தது. முத்திரை இல்லாத படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம் என்பது காகிதத்தில் இருந்த தண்டனை. நாட்டின் முக்கிய அரங்குகள் ஐந்து பெரிய ஸ்டூடியோக்களின் கையில் இருந்ததால் அத்தகைய படத்துக்குத் திரையே கிடைக்காது என்பதுதான் உண்மையான தண்டனை.

1. காலவரிசை இக்கருத்தை ஆதரிக்கிறதா? இல்லை. குறிப்பால் உணர்த்தும் கலைக்கு ஹாலிவுட்டில் எல்லோரும் சொல்லும் முதல் பெயர் எர்ன்ஸ்ட் லூபிட்ச். அவருடைய ‘டிரபுள் இன் பாரடைஸ்’ வெளியானது 1932இல், அதாவது பிரீன் அலுவலகம் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக. அப்படத்தில் ஒரு மாலைப்பொழுது முழுவதும் கடிகாரங்களின் வழியாகவே கடந்துபோகிறது: திரையில் மனிதர் எவரும் இல்லை, முட்கள் மட்டும் நகர்கின்றன, பின்னணியில் கதவு தட்டப்படுவதும் இரு குரல்கள் நெருங்கி வருவதும் கேட்கிறது. பின்னர் ஒரு காட்சியில் அணைத்து நிற்கும் இருவரும் நிழல்களாகப் படுக்கையின்மேல் விழுகிறார்கள். கேமரா அதற்கு மேல் எதையும் காட்டவில்லை, காட்டவேண்டிய தேவையும் இல்லை. பிராங்க் காப்ராவின் ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’ படத்தில் விடுதி அறையின் இரு கட்டில்களுக்கிடையே கயிற்றில் தொங்கவிடப்படும் போர்வையும் இப்படித்தான் அடிக்கடி தணிக்கையின் கொடையாகச் சுட்டப்படுகிறது. அப்படம் திரைக்கு வந்ததோ 1934 பிப்ரவரியில். இன்னும் பின்னே போனால், சாப்ளின் இயக்கிய ‘எ வுமன் ஆஃப் பாரிஸ்’ (1923) என்ற மௌனப் படத்தில், ஒரு பெண்ணின் அலமாரி இழுப்பறையிலிருந்து ஆணின் சட்டைக் காலர் ஒன்று தவறி விழுகிறது. அவளுடைய வாழ்க்கை எத்தகையது என்பதை முன்னாள் காதலன் அந்தக் காலரிலிருந்தே அறிந்துகொள்கிறான். குறிப்பாற்றல் மௌனப் படக் காலத்திலேயே முதிர்ந்துவிட்ட கலை. 1934க்குப் பின் வந்தவர்கள் அதைப் பிரீனிடம் கற்கவில்லை, லூபிட்சிடமும் சாப்ளினிடமும் கற்றார்கள்.

இதில் ஒரு முரணும் அடங்கியிருக்கிறது. ‘டிரபுள் இன் பாரடைஸ்’ படத்தை 1935இல் மறுவெளியீடு செய்ய அனுமதி கோரப்பட்டபோது பிரீன் அலுவலகம் மறுத்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் அப்படம் பொதுத் திரையைக் காணவில்லை. நயத்தின் உச்சம் என்று போற்றப்படும் படத்தை, நயத்தின் தாய் என்று போற்றப்படும் விதிகள் ஏன் பூட்டிவைத்தன என்ற கேள்விக்கு மூன்றாம் மறுப்பில் விடை வரும்.

2. காரணமும் உடனிருப்பும் ஒன்றல்ல. விதிகள் இருந்த காலத்தில் நல்ல படங்கள் வந்தன என்பதால் விதிகளால் அவை வந்தன என்று ஆகிவிடாது. இதைச் சோதித்துப் பார்க்கத் தற்செயலாகவே ஒரு வாய்ப்பு அமைந்திருக்கிறது. டாஷியல் ஹாமெட்டின் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ நாவலை வார்னர் நிறுவனம் மூன்று முறை படமாக்கியது. 1931ஆம் ஆண்டுப் படம் சற்றுத் துணிச்சலானது. சில ஆண்டுகளுக்குப் பின் அதை மறுவெளியீடு செய்யப் பிரீன் அலுவலகம் இசையவில்லை. 1941இல் ஜான் ஹஸ்டன் இயக்கி ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த மூன்றாம் படம் எல்லா வகையிலும் முதல் படத்தைவிடச் சிறந்தது என்பதால், இதோ விதிகளின் பயன் என்று சுட்டுவது வழக்கம். ஆனால் இரண்டாம் படத்தை இவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. 1936இல், அதே நாவலிலிருந்து, அதே ஸ்டூடியோவில், அதே விதிகளின் கீழ், பெட்டி டேவிஸ் போன்ற பெரும் நடிகையையும் வைத்துக்கொண்டு எடுக்கப்பட்ட ‘சேட்டன் மெட் எ லேடி’ தோற்றுப்போன படம். விதி ஒன்றே, விளைவு இரண்டு. இடையில் மாறியது ஹஸ்டனும் போகார்ட்டும் பீட்டர் லோரியும் சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்டும்தான்.

வழக்கமாகக் காட்டப்படும் வேறு இரு சான்றுகளும் நெருங்கிப் பார்த்தால் நிற்பதில்லை. ‘நட்டோரியஸ்’ (1946) படத்தில் கேரி கிரான்ட்டும் இங்க்ரிட் பெர்க்மனும் பால்கனியிலிருந்து தொலைபேசி வரை நடந்தபடியே விட்டு விட்டு முத்தமிடும் நீண்ட காட்சி, முத்தம் மூன்று வினாடியைத் தாண்டக் கூடாது என்ற விதியை ஏமாற்றப் பிறந்தது என்பார்கள். விதித்தொகுப்பின் வாசகத்தில் வினாடிக் கணக்கே கிடையாது. மிகையான, காமம் மிக்க முத்தங்கள் கூடாது என்று மட்டுமே அது சொல்கிறது. ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவுடனான நேர்காணலில் அக்காட்சியின் பிறப்பிடத்தை வேறாகவே சொல்கிறார்: பிரான்சில் ரயிலிலிருந்து பார்த்த ஓர் இளம் இணை; ஆண் சுவரோரம் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தபோதும் பெண் அவன் கையை விடவில்லை; அந்தப் பிடிவாதமான பற்றையே திரையில் காட்ட விரும்பினாராம். அடுத்தது ‘காஸாபிளாங்கா’ (1942). மணமான இல்சா கணவனை விட்டுவிட்டுப் போவதை விதிகள் ஏற்றிருக்க மாட்டா, அதனால்தான் அந்தத் தியாக முடிவு கிடைத்தது என்பது வாதம். படத்துக்கு மூலமான, அரங்கேறாத ‘எவ்ரிபடி கம்ஸ் டு ரிக்ஸ்’ என்ற நாடகத்திலேயே நாயகன் ரிக் அவளைக் கணவனோடு அனுப்பிவிட்டுத் தான் பின்தங்குகிறான். பிரீன் அலுவலகம் அம்முடிவை வரவேற்றிருக்கலாம். வகுத்தது அது அல்ல.

3. மறைக்கச் சொன்னதா, தீர்ப்புச் சொன்னதா? இதுவே வழக்கின் மையம். ஹேஸ் விதிகளை ஆடையின் நீளத்தையும் கட்டில்களின் இடைவெளியையும் அளக்கும் விதிகளாக எண்ணுவதால்தான் யாப்பு ஒப்புமை எடுபடுகிறது. அவற்றின் முதன்மை வேலை அதுவன்று. பார்வையாளரின் பரிவு குற்றத்தின் பக்கமோ பாவத்தின் பக்கமோ சாயக் கூடாது என்பது தொகுப்பின் முதல் பொதுக் கொள்கை. இதிலிருந்து பிரீன் அலுவலகம் ஈட்டு நீதி என்று சொல்லத்தக்க ஒரு நடைமுறையை உருவாக்கிக்கொண்டது: கதையில் தீமை இடம்பெற்றால், அதற்கு ஈடாகத் தண்டனையோ மனந்திருந்தலோ வெளிப்படையான கண்டனமோ அதே கதைக்குள் வந்தாக வேண்டும். ஒரு விஷயத்தை எப்படிக் காட்டுவது என்ற கேள்வி இங்கே இரண்டாம்பட்சம். அதைப் பற்றிப் படம் என்ன முடிவுக்கு வரவேண்டும் என்பதே முதலில் தீர்மானிக்கப்பட்டது. வெண்பாவின் ஈற்றடி முச்சீராக இருக்கவேண்டும் என்று இலக்கணம் கேட்கிறது. அந்த அடியில் கொலைகாரன் தூக்கில் தொங்கவேண்டும் என்று அது கேட்பதில்லை.

லூபிட்ச் படம் பூட்டப்பட்டதன் காரணம் இப்போது விளங்கும். அதில் ஆபாசமாகக் காட்டப்படுவது ஏதும் இல்லை. ஆனால் நாயகனும் நாயகியும் திருடர்கள். இறுதியில் அவர்கள் பிடிபடுவதில்லை, திருந்துவதில்லை, ஒருவர் பையிலிருந்து மற்றவர் களவாடிச் சிரித்தபடி வாடகைக் காரில் போகிறார்கள். வடிவத்தில் எவ்வளவு நாசூக்கு இருந்தாலும் இத்தகைய முடிவுக்கு மன்னிப்பு இல்லை.

‘ரெபெக்கா’ (1940) இன்னும் தெளிவான சான்று. டாஃப்னி டு மோரியேயின் நாவலில் மேக்சிம் தன் முதல் மனைவியைத் துப்பாக்கியால் சுட்டுக் கொல்கிறான். அதை அறிந்த பின்னும் இரண்டாம் மனைவி அவனை நேசிக்கிறாள், இன்னும் சொல்லப்போனால் அவன் முதல் மனைவியை நேசிக்கவில்லை என்ற செய்தியில் அவளுக்கு ஒரு நிம்மதியே பிறக்கிறது. வாசகரும் அவளோடு சேர்ந்து ஒரு கொலைகாரன் தப்பிக்கவேண்டும் என்று விரும்பத் தொடங்குகிறார். நாவலின் நஞ்சு முழுவதும் அந்த விருப்பத்தில்தான் இருக்கிறது. மனைவியைக் கொன்றவன் தண்டனையின்றி வாழ விதிகள் இடந்தரவில்லை. எனவே படத்தில் ரெபெக்கா இடறி விழுந்து தலையில் அடிபட்டு இறக்கிறாள், மேக்சிம் உடலை மறைத்ததோடு சரி. கொலை விபத்தான அந்தக் கணத்தில் நாயகியின் ஒழுக்கச் சிக்கல் ஆவியாகிவிடுகிறது. மிஞ்சுவது நிரபராதி ஒருவனை வழக்கிலிருந்து மீட்கும் கதை. படம் ஆஸ்கர் வென்றது, இன்றும் கவர்ச்சி குன்றாமல் இருக்கிறது. ஆனால் இந்த மாற்றத்தில் நுட்பம் எங்கே கூடியிருக்கிறது? மறைபொருள் வெளிப்பொருளாகவில்லை, வெளிப்பொருள் மறைபொருளாகவும் இல்லை. பொருளே அகற்றப்பட்டு அதன் இடத்தில் மலிவான வேறொன்று வைக்கப்பட்டது.

சில இடங்களில் விதிகள் நுட்பத்தை அல்ல, குழப்பத்தையே விளைவித்தன. சான்ட்லரின் நாவலிலிருந்து வந்த ‘தி பிக் ஸ்லீப்’ (1946) படத்தில் கைகர் என்பவன் நடத்தும் கடையில் உண்மையில் என்ன வாடகைக்கு விடப்படுகிறது என்பது சொல்லப்படுவதே இல்லை. நாவலில் அது ஆபாசப் புத்தகங்களின் கடை. நாவலில் காணாமற்போன ஒருவனைக் கொன்றவள், கதையின் மையமான குடும்பத்தின் இளைய மகள் கார்மென். படத்தில் பழி மங்கலாகி, கடைசியில் சாவது எடி மார்ஸ் என்ற வேறொருவன். படத்தின் புரியாமைக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் கதையின் முடிச்சுகளை உருவிவிட்டு எஞ்சியதை மர்மத்தின் அழகு என்று கொண்டாடுவது ரசிகரின் பெருந்தன்மையே தவிர விதிகளின் சாதனை அன்று.

4. எல்லாத் தடைகளும் குறிப்பைப் பிறப்பிப்பதில்லை. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான பாலுறவை விதித்தொகுப்பு பெயர் சொல்லியே தடைசெய்தது. 1956 திருத்தத்தில்தான் அத்தடை நீங்கியது. இந்தத் தடையிலிருந்து எந்த நயம் விளைந்தது? விளைந்தது ‘பிங்கி’ (1949) போன்ற படம். வெளுத்த தோலுடைய கறுப்பினப் பெண்ணுக்கும் வெள்ளை மருத்துவருக்கும் இடையிலான காதலைச் சொல்லும் அக்கதையில், கறுப்பினப் பெண்ணாக நடித்தவர் ஜீன் கிரெய்ன் என்ற வெள்ளை நடிகை. பிற நாடுகளின் வரலாறும் நிறுவனங்களும் குடிமக்களும் நியாயமாகச் சித்திரிக்கப்படவேண்டும் என்ற இன்னொரு விதி, கேட்பதற்குப் பண்பாகவே இருக்கிறது. 1933க்குப் பின் ஹிட்லரின் ஜெர்மனியை விமர்சிக்க முனைந்தவர்கள் மீது அது எப்படிப் பாய்ந்தது என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். அமெரிக்காவிலேயே பாசிசம் தலையெடுப்பதைக் கற்பனை செய்த சின்கிளேர் லூயிஸின் நாவலை எம்ஜிஎம் வாங்கித் திரைக்கதையும் எழுதச் செய்தபின், பிரீன் நீண்ட ஆட்சேபக் கடிதம் அனுப்பினார்; 1936இல் ஸ்டூடியோ படத்தைக் கைவிட்டது. இனவெறியையும் பாசிசத்தையும் கண்ணசைவால் உணர்த்திவிடலாம் என்று எவரும் வாதிடுவதில்லை; ஆகவே தணிக்கையின் நன்மைகளைப் பட்டியலிடும்போது இவற்றைப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். ‘கிராஸ்ஃபயர்’ (1947) யூத வெறுப்பைத் துணிவாகக் கண்டித்த படம் என்று புகழப்படுகிறது, அப்புகழுக்கு அது தகுதியானதே. ஆனால் அதன் மூல நாவலில் கொல்லப்படுபவர் ஒருபால் ஈர்ப்புடையவர், விதிகளின் கீழ் அப்படியொருவர் திரையில் இருக்கவே இயலாது.

5. எடுக்கப்படாத படங்களை யார் கணக்கில் வைப்பது? ஜேம்ஸ் எம். கெய்னின் ‘தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்’ 1934இல் வெளிவந்த நாவல். உரிமையை வாங்கிய எம்ஜிஎம் அதைப் படமாக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தது. இதற்குள் 1939இல் பிரான்சில் பியேர் ஷெனால் அக்கதையைப் படமாக்கிவிட்டார். 1943இல் இத்தாலியில் லூக்கினோ விஸ்கோன்டி ‘ஒசெஸியோனே’ என்ற பெயரில், உரிமை பெறாமலே எடுத்தார். இத்தாலிய நவயதார்த்தவாதத்தின் முன்னோடி எனப்படும் அப்படம், முசோலினி ஆட்சியில் இருக்கும்போதே எடுக்கப்பட்டது. பாசிச நாடு ஒன்றில் துவக்க முடிந்த ஒரு படத்தை, உலகின் பெரிய ஸ்டூடியோவால் சொந்த நாட்டு நாவலிலிருந்து துவக்க முடியவில்லை. முன்பு குறிப்பிட்ட கணுக்கால் சங்கிலியின் வரலாறும் இதுவே: கெய்னின் ‘டபுள் இன்டெம்னிட்டி’ கதை 1935இல் ஸ்டூடியோக்களைச் சுற்றி வந்தபோது, திரைக்குத் தகாதது என்று பிரீன் அலுவலகம் எழுதியது. சுமார் எட்டு ஆண்டுகள் கழித்து அதே அலுவலகம் இணங்கிய பிறகே பில்லி வைல்டரால் அதைத் தொட முடிந்தது. விதிகளின் கொடைக்கு முதல் சான்றாக நிறுத்தப்படும் படமே, விதி தளர்ந்ததால் பிழைத்த படம்.

எதிர்த் தரப்பின் மிக வலுவான சான்று ஒன்றை இவ்விடத்தில் மறைப்பது நேர்மையாகாது. ஆசிரியைகள் இருவர் காதலர்கள் என்று ஒரு சிறுமி பரப்பும் வதந்தியைப் பற்றிய லில்லியன் ஹெல்மனின் நாடகத்தை, வில்லியம் வைலர் 1936இல் ‘திஸ் த்ரீ’ என்று படமாக்கினார். நாடகத்தின் பெயரைக்கூடப் பயன்படுத்த அனுமதி இல்லாமல், வதந்தி ஓர் ஆணைச் சுற்றிய முக்கோணக் காதலாக மாற்றப்பட்டது. 1961இல் தடை தளர்ந்தபோது அவரே மூலக் கதையை எடுத்தார். முதல் படமே கட்டுக்கோப்பானது, இரண்டாவது தயங்கித் தயங்கி நகர்வது. இதை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஆனால் முதல் படம் சிறந்ததற்குக் காரணம் ஹெல்மன் தானே அமர்ந்து பொய்யின் ஆற்றலை மையமாக்கி அதைத் திருத்தி எழுதியது. இரண்டாவது தயங்குவதற்குக் காரணம், இருபத்தைந்து ஆண்டுகள் எவரும் பேசிப் பழகாத ஒன்றை முதன்முதலாகப் பேச நேர்ந்தது. பேசாமையின் விளைவைப் பேசாமைக்கான நியாயமாகக் காட்டுவது வட்டத்தில் சுற்றும் வாதம்.

6. அன்றைய சிகரங்களை இன்றைய சமவெளியோடு ஒப்பிடலாமா? விதிகள் ஆண்ட காலத்தில் அமெரிக்கா ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான படங்களை வெளியிட்டது. இன்று திரும்பப் பார்க்கப்படுபவை அவற்றில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மறக்கப்பட்ட மற்றவையும் அதே முத்திரையைப் பெற்றவைதாம். 1968க்குப் பின் நயம் செத்துவிட்டது என்போருக்கு ‘சைனாடவுன்’ (1974) ஒன்றே போதும்: கொலைகாரனும் அதைவிடக் கொடிய பாவம் செய்தவனுமான கிழவன் இறுதியில் வென்று, குழந்தையையும் கவர்ந்து செல்கிறான். அவன் பாவத்தைப் படம் காட்டுவதே இல்லை, ஒரு வாக்குமூலமாக மட்டும் கேட்கிறோம். பிரீன் அலுவலகம் அந்த அடக்கத்தைப் பாராட்டிவிட்டு முடிவை நிராகரித்திருக்கும்.

7. கத்தரிக்கோல் எதை வெட்டியது என்று பார்த்தால் என்ன? டென்னஸி வில்லியம்ஸின் நாடகத்தை எலியா கஸான் 1951இல் ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ என்று படமாக்கியபோது, பிரீன் அலுவலகத்தின் கோரிக்கைகள் ஏற்கெனவே நிறைவேற்றப்பட்டிருந்தன: நாயகி பிளான்ச்சின் இறந்த கணவனைப் பற்றிய உண்மை மழுப்பப்பட்டது, நாடகத்தில் கணவனோடே இருந்துவிடும் ஸ்டெல்லா, படத்தில் அவனை விட்டு விலகுவதாகச் சொல்லிக் குழந்தையோடு மாடியேறுகிறாள், ஈட்டு நீதி நிறைவேறுகிறது. முத்திரையும் கிடைத்துவிட்டது. அதன்பின் லீஜன் ஆஃப் டீசன்சி கண்டனப் பட்டியலில் சேர்க்கப்போவதாக மிரட்ட, வார்னர் நிறுவனம் கஸானுக்குத் தெரிவிக்காமலே ஏறத்தாழ நான்கு நிமிடங்களை வெட்டியது. அவற்றில் ஒன்று படிக்கட்டுக் காட்சி. மனைவியை அடித்துவிட்ட ஸ்டான்லி கீழே நின்று அவள் பெயரைக் கதறுகிறான். மேல் வீட்டில் அடைக்கலம் புகுந்த ஸ்டெல்லா வெளியே வந்து மெல்ல மெல்ல இறங்குகிறாள். கிம் ஹன்டரின் முகத்தில் சினம் கரைந்து வேட்கையாக மாறுவதை அண்மைக் காட்சிகள் காட்டுகின்றன, அலெக்ஸ் நார்த்தின் ஜாஸ் இசை உடன் இறங்குகிறது. ஆடை விலகவில்லை, தகாத சொல் இல்லை. ஒரு பெண்ணின் முகமும் படிகளும் இசையும் மட்டுமே. தணிக்கையை வாழ்த்துவோர் எதைக் குறிப்பாற்றல் என்று போற்றுகிறார்களோ, அது இதைவிடத் தூய வடிவில் வேறெங்கும் இருக்க முடியாது. வெட்டப்பட்டவை அந்த அண்மைக் காட்சிகள்தாம், இசையும் மாற்றப்பட்டது. 1993இல் மீட்கப்பட்ட பிரதியில் அவை திரும்பி வந்தன. 1951இல் அரங்குகளில் ஓடிய பிரதியில் ஸ்டெல்லா தொலைவில் ஓர் உருவமாக இறங்கி வருகிறாள், அடித்த கணவனிடம் அவள் ஏன் திரும்பிப் போகிறாள் என்பது படம் முடியும்வரை விளங்குவதில்லை.